முதல் வாரத்தில் பதினொரு லிங்க்

"தங்கச்சி, நான் நிறுத்திக்கிறேன். எனக்கு மண்டையில ஏறல. மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்க வேணாம். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க, உங்க மேல தப்பில்ல."

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு இது. பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். நான்கைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் மேல் தப்பில்லை என்று அவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சிங்கப்பூரில், பாலர் பள்ளிகளில் தமிழ் சொல்லித்தர விரும்புகிறவர்களுக்கான பகுதிநேர இணைய வகுப்பு ஒன்றில் நான் துணைப் பயிற்றுநராக இருக்கிறேன். பாடம் நடத்துபவர் வேறொருவர். புதிதாகச் சேர்கிறவர்களை உள்ளே கொண்டுவந்து உட்காரவைப்பது என் வேலை. குரல்பதிவு அனுப்பியவரை உட்லண்ட்ஸ் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வயது 54. இருபது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் உதவியாளராக வேலை பார்த்தவர். சேர்க்கை நேர்காணலில் ஒரு கதை சொல்லச் சொன்னோம். மேசையில் எதுவும் இல்லாததால் தன் கைக்குட்டையை முடிச்சுப் போட்டு எலியாக்கி, அந்த எலி மின்தூக்கியில் ஏறி எந்த மாடிக்குப் போவது என்று தெரியாமல் முழிப்பதாக ஒரு கதை கட்டினார். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் அடுத்து என்ன என்று காத்திருந்தோம். "மூணு வயசுப் புள்ளைக்கு ழ வரலைன்னா எப்படித் திருத்துவீங்க?" என்று கேட்டதற்கு, "திருத்தக் கூடாதுங்க. நாம சரியா சொல்லிக்கிட்டே இருக்கணும். அது வாயைப் பார்த்துக்கிட்டே இருக்கும், ஒரு நாள் தானா வந்துரும்" என்றார். எங்கள் பாடத்திட்டத்தில் நான்காவது வாரத்தில் வருகிற விஷயம் அது. அவர் மூன்றாவது வாரத்திலேயே போய்விட்டார்.

மறுநாள் காலை எழுந்ததும், முதல் வாரத்தில் நாங்கள் மாணவர்களுக்கு அனுப்பிய எல்லாவற்றையும் எடுத்து வைத்து எண்ணினேன். கற்றல் தளத்துக்கு ஒரு லிங்க். அதற்குக் கடவுச்சொல் வைக்க இன்னொன்று. சூம் வகுப்புக்கு ஒன்று. டெலிகிராம் குழு. பாடக் குறிப்புகள் இருக்கும் கூகுள் டிரைவ். கருத்து ஒட்டுவதற்குப் பேட்லெட். புதிர்ப் போட்டிக்குக் கஹூட். வருகைப்பதிவு. இரண்டு கூகுள் படிவங்கள். இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் யூடியூப் காணொளி. மொத்தம் பதினொன்று. பாடம் என்று சொல்லத்தக்க ஒரு வார்த்தைகூட அந்தப் பதினொன்றில் இல்லை. எல்லாமே பாடத்துக்குப் போகும் வழிதான்.

இவை ஒரே நாளில் குவிந்தவை அல்ல. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி, கோவிட் பரவலைத் தடுக்க சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் தொடங்கியது. மறுநாளே பள்ளிகளெல்லாம் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அந்த வாரத்தில் பாடம் சொல்லித்தந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கையில் கிடைத்ததை எடுத்துத்தான் சமாளித்தோம். ஒருவர் பேட்லெட் நன்றாக இருக்கிறது என்றார், சேர்த்தோம். பிள்ளைகளுக்குக் கஹூட் பிடிக்கிறது என்று இன்னொருவர் சொன்னார், அதையும் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. அந்த அவசரம் முடிந்த பிறகும் சேர்த்ததில் எதையும் எடுக்கவில்லை. வீட்டில் விசேஷத்துக்கு இரவல் வாங்கிய நாற்காலிகளை அப்படியே கூடத்தில் விட்டுவைத்த மாதிரி. வீட்டுக்காரர்களுக்கு இடுக்கில் புகுந்து நடக்கப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்தான் இடித்துக்கொள்கிறார்.

அந்த மின்னஞ்சல்

அக்காவைக் கூப்பிட்டேன். திரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று தெரிந்தால் அடுத்தவர்களுக்கு உதவும், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் சந்தித்தோம். கணினி கிடையாது. கைப்பேசி ஒன்றுதான், கண்ணாடியின் மூலையில் ஒரு கீறல். வெளியே வைக்க மனம் வராமல் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"முதல்ல எங்க அக்கா நின்னுச்சு?"

"மொத மெயிலே எனக்கு வரல தங்கச்சி."

அந்த மின்னஞ்சலை நான் மூன்று முறை அனுப்பியிருந்தேன். தேடிப் பார்த்தோம். மூன்றும் குப்பைத்தொட்டிக் கோப்பில் இருந்தன. ஒவ்வொன்றாக அவரே அழித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஸ்கேம்னு நெனச்சேன்" என்றார்.

அந்த மின்னஞ்சலை அவர் கைப்பேசியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் முறையாகப் படித்தேன். முழுக்க ஆங்கிலம். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பதில் அனுப்ப முடியாத ஏதோ ஒரு தானியங்கி முகவரி. உங்களுக்கு ஒரு கணக்கு திறக்கப்பட்டுள்ளது, 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள பொத்தானைத் தட்டிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், தவறினால் இணைப்பு காலாவதியாகிவிடும் என்று இருந்தது. அதற்குக் கீழே நீல நிறத்தில் பெரிய பொத்தான்.

இந்த ஊரில் சில ஆண்டுகளாக நாம் பெரியவர்களுக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்? தெரியாத லிங்க்கைத் தட்டாதே. அவசரப்படுத்தினால் சந்தேகப்படு. கடவுச்சொல் கேட்டால் விலகிப் போ. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து, வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தட்டக்கூடிய லிங்க் எதுவும் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தன. சந்தேகம் வந்தால் கூப்பிட 1799 என்ற எண்ணே இருக்கிறது. அக்கா இதையெல்லாம் காதில் வாங்கி, மனத்தில் பதித்து, கடைப்பிடித்தவர். அவர் பக்கத்து வீட்டம்மா சேமிப்பை இழந்த கதையை அன்று என்னிடம் சொன்னார். அதைப் பார்த்து மிரண்டவர், வாசலில் வந்து நின்ற எங்கள் மின்னஞ்சலையும் விரட்டிவிட்டார். மூன்று முறை வந்தது, மூன்று முறையும் விரட்டினார். அவருடைய இடத்தில் என் அம்மா இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படுவேன்.

எங்கள் வகுப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "தொழில்நுட்பத் திறன் குறைவு." எழுதியது நான்தான்.

அப்புறம் வருகைப்பதிவுக் கதைக்கு வந்தார். மகன் லிங்க்கைத் தட்டிக் கொடுத்து, முதல் வகுப்புக்கு எப்படியோ வந்துவிட்டார். அரசாங்க நிதியுதவி பெறும் வகுப்புகளில், சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளச் செயலி மூலம் வருகையைப் பதிய வேண்டும். பயிற்றுநர் திரையில் கியூஆர் கட்டத்தைக் காட்டி, "எல்லாரும் ஸ்கேன் பண்ணுங்க" என்றார். மடிக்கணினியில் சூமும் கையில் கைப்பேசியும் வைத்திருப்பவருக்கு அது மூன்று விநாடி வேலை. அக்காவிடம் இருப்பது ஒரே கைப்பேசி. வகுப்பு ஓடுவதும் அதில்தான், கட்டம் தெரிவதும் அதில்தான், சிங்பாஸ் இருப்பதும் அதில்தான். "ஃபோனு என் கையில இருக்கு, கட்டம் ஃபோனுக்குள்ள இருக்கு. நான் எந்த ஃபோனால எதை ஸ்கேன் பண்றது தங்கச்சி?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் இருபத்திரண்டு முகங்கள். "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டதும் வரிசையாகக் கட்டைவிரல்கள் எழுந்திருக்கின்றன. அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கதவு தள்ளியிருக்கும் மலாய் அண்டை வீட்டுக்காரரிடம் போய் இன்னொரு கைப்பேசி கேட்டிருக்கிறார். அவர் எடுத்து வருவதற்குள் கட்டம் திரையிலிருந்து போய்விட்டது. திரும்ப வந்து உட்கார்ந்தபோது பாடம் பாதி முடிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். அன்று இரவு அவருக்கு எங்கள் பக்கமிருந்து போன ஒரே செய்தி, வருகை பதியவில்லை என்ற தானியங்கி நினைவூட்டல்.

நூலகத்தில் அன்று நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலைக் கண்டுபிடித்த வேகத்தில், "குடுங்க அக்கா, ஒரு நிமிஷம்" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். பழைய லிங்க் காலாவதியாகியிருந்ததால் புதிதாக ஒன்றை வரவழைத்துக் கடவுச்சொல் வைத்தேன், தளத்துக்குள் போனேன், முகப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "பாருங்க, வந்துடுச்சு" என்று நிமிர்ந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். வலது ஆள்காட்டி விரலில் மஞ்சள் கறை. அந்த விரல் ஒரு முறைகூடத் திரையைத் தொடவில்லை.

இருபது வருடமாக எத்தனையோ குழந்தைகளைத் தானாகச் சட்டை பொத்தான் போடவைத்த கை அது. பொத்தானைப் பிடுங்கித் தானே போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவருக்குத் தெரியாதா? ழ வராத குழந்தையிடம் அவர் காட்டுகிற பொறுமையில் கால்வாசியை நான் அவரிடம் காட்டவில்லை. வெளியேறு என்ற பொத்தானை அழுத்தி, கடவுச்சொல்லை அவரே புதிதாக வைக்கட்டும் என்று கைப்பேசியைத் திரும்பக் கொடுத்தேன். என் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். "அக்கா, நீங்களே பண்ணுங்க. எனக்கு அவசரமில்ல."

நாற்பது நிமிடம் ஆனது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் என்று மூன்று முறை திருப்பியடித்தது. குறியீடு என்றால் என்ன என்றார். நட்சத்திரம், கூட்டல் குறி என்றேன். அது எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று அவரே தேடிக் கண்டுபிடித்தார். ஒரு தடவை ஏதோ ஒரு விளம்பரத்துக்குள் போய்விட்டு, பின்னே வருவது எப்படி என்று தானே தடவிப் பார்த்து வந்தார். கடைசியில் தளத்துக்குள் நுழைந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியேறினார். மறுபடி முதலிலிருந்து ஒரு முறை உள்ளே வந்தார். மூன்றாவது முறையும். பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எழுத்துரு இறக்கிய காலம்

வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் எனக்கு 2003, 2004 காலம் ஞாபகம் வந்தது. தமிழில் வலைப்பதிவுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். படிக்க ஆசை, ஆனால் திரையில் தெரிவது கட்டம் கட்டமாக, கேள்விக்குறி கேள்விக்குறியாக. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துக் குறியீட்டு முறை வேறு: ஒரு பக்கத்துக்கு டிஸ்கி வேண்டும், இன்னொன்றுக்கு டாப், வேறொன்றுக்கு யூனிகோடு. எழுத வேண்டும் என்றால் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை இறக்க வேண்டும். அஞ்சல் முறையா, தமிழ்99ஆ, பழைய தட்டச்சு முறையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் எங்கெங்கோ போய் எதையெதையோ மாற்ற வேண்டும். தமிழில் நான்கு வரி எழுத ஆசைப்பட்டதற்கு இத்தனை வாசல்.

இத்தனைக்கும் இது இணையத் தமிழுக்கு முன்னோடியான ஊர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது அதில் தமிழும் இருந்தது. அதற்குப் பின்னால் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் கருத்தரங்கும் இங்கேதான் நடந்தது. பெரியவர்கள் பாதை போட்டுவைத்திருந்தார்கள். ஆனாலும் தனியாக ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அந்தப் பாதையில் முதல் அடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எனக்கு அதைக் காட்டியவர், முகம் தெரியாத ஒரு வலைப்பதிவர். வேறு நாட்டில் இருந்தார். அவருக்கு அங்கே நள்ளிரவு. அரட்டைப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி இரண்டு மணி நேரம் கூடவே இருந்தார். நான் டிஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொன்றாக விளக்கம் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அதெல்லாம் இப்போ வேண்டாம். யூனிகோடு மட்டும். அஞ்சல் முறை மட்டும். 'அம்மா'ன்னு அடிச்சுட்டு எனக்கு அனுப்புங்க, மத்ததை நாளைக்குப் பார்த்துக்கலாம்." அடித்து அனுப்பினேன். அவர் எனக்குப் புதிதாக எதையும் விளக்கவில்லை. என் முன்னால் இருந்த பத்து விஷயங்களில் எட்டைத் தூக்கி மறைத்து வைத்தார், அவ்வளவுதான். நான் எழுத ஆரம்பித்தது அதனால்தான்.

எது இப்போது வேண்டாம்

இணைய வகுப்புகளின் கதையில் இந்தச் சிக்கல் பழசு. ஆயிரக்கணக்கானோர் சேரக்கூடிய திறந்த இணைய வகுப்பை இன்று மூக் (MOOC) என்று சொல்கிறோமே, அந்தப் பெயரே 2008இல் கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகம் வழியாக ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் நடத்திய ஒரு வகுப்பையொட்டிப் பிறந்தது. கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர். மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்தின் விவாத மேடை, வலைப்பதிவுகள், செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம், நேரலைச் சந்திப்புகள் என்று யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது கடல். புதியவர்கள் பலருக்கு அந்தச் சுதந்திரமே திணறலானது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மூடிலை உருவாக்கி 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூஜியாமஸ், ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் ஒதுக்குப்புறமான ஊரில் வளர்ந்தவர். வானொலி வழியாக நடத்தப்படும் பள்ளியில் படித்தவர். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பாடம் வந்து சேர ஒரு வானொலிப் பெட்டி போதுமானதாக இருந்திருக்கிறது. இரண்டு எம்ஆர்டி தடம் சந்திக்கும் ஊரில் இருக்கும் அக்காவுக்கு நாங்கள் பதினொரு பெட்டி கொடுத்தோம்.

ஜான் சுவெல்லர் 1988இல் சொன்ன அறிவுச்சுமைக் கோட்பாட்டை ஆசிரியப் பயிற்சியில் எல்லாரும் படித்திருப்போம். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடியது கொஞ்சம்தான், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுமையை அதன் மேல் ஏற்றினால் பாடத்துக்கு இடமிருக்காது. பிள்ளைகளுக்குச் செயல்தாள் தயாரிக்கும்போது கவனமாக இருக்கிறோம், ஒரு பக்கத்தில் நான்கு படத்துக்கு மேல் வைப்பதில்லை. பெரியவர்கள் என்று வரும்போது அது மறந்துபோகிறது. இணையக் கற்றலுக்கு ஐந்து படிகள் சொன்ன கில்லி சால்மன், முதல் படியில் உள்ளே நுழைவதையும் ஊக்கத்தையும் ஒன்றாக வைத்தார். ரொம்ப நாள் அவை ஏன் ஒரே படியில் இருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை. அக்காவின் குரல்பதிவைக் கேட்ட பிறகு புரிந்தது. கடவுச்சொல் பக்கத்தில் நாலு தடவை தோற்றவருக்குக் கடவுச்சொல் மட்டும் போவதில்லை. "இது எனக்கான இடம் இல்ல போல" என்ற எண்ணம் அங்கேதான் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, என்ன மாற்றினோம்? மின்னஞ்சல் அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொருவரையும் நானே கூப்பிடுகிறேன். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு மெயில் வரும். அனுப்பறவர் பேரு இப்படி இருக்கும், தலைப்பு இப்படி இருக்கும், நீலக் கலர்ல ஒரு பொத்தான் இருக்கும். இதே மாதிரி வேற ஏதாச்சும் வந்தா தொடாதீங்க, என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க." மோசடிக்கு எதிராக அவர்கள் கற்றதை மறக்கச் சொல்லாமல், அதற்கு மதிப்புக் கொடுத்தே உள்ளே அழைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஓர் ஆளுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். மூன்று மாத வகுப்பில் இதற்கு நேரமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தளத்துக்குக் கடவுச்சொல் வைப்பதோடு சரி, முதல் இரண்டு வாரம் வகுப்புக்குச் சூமும் வாட்ஸ்அப்பும் மட்டும். டெலிகிராமைத் தள்ளி வைத்தோம். அக்கா தினமும் வாட்ஸ்அப்பில் ஜோகூரில் இருக்கும் அக்காளோடு காணொளியில் பேசுகிறார், குரல்பதிவு அனுப்புகிறார், படம் அனுப்புகிறார். ஏற்கெனவே அத்தனை லாவகமாகக் கையாளும் ஒன்றை விட்டுவிட்டு, வசதி அதிகம் என்று வேறொன்றை நிறுவச் சொன்னது எங்களுடைய வசதிக்காகத்தான். கஹூட்டையும் தள்ளி வைத்தோம். ஒரே கைப்பேசியில் அதற்கும் சூமுக்கும் மாறி மாறித் தாவுவது அவர்களை மூச்சு வாங்கவைக்கிறது. வருகைப்பதிவுக் கட்டத்தைக் காட்டும்போதே அதன் லிங்க்கை அரட்டைப் பெட்டியிலும் போடுகிறோம், தட்டினால் சிங்பாஸ் திறக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இவ்வளவு காலம் ஆனதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. செய்வதற்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

முதல் வகுப்புக்கு முந்தைய மாலை அரை மணி நேரம் ஓர் ஒத்திகை. பாடம் கிடையாது. ஒலியை மூடுவது, திறப்பது. பிறகு எல்லாரும் வேண்டுமென்றே வெளியேறிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இதை இரண்டு முறை செய்யச் சொல்கிறேன். புதியவர்களுக்குள் இருக்கும் பெரிய பயம் தெரியாமல் எதையோ அமுக்கி வெளியே போய்விடுவோமோ என்பதுதான். அந்தப் பயத்தில் ஒரு விரல்கூட அசையாது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து, அதே முகங்கள் அப்படியே சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு விரல் தானாக நகர ஆரம்பிக்கிறது.

எங்கள் பயிற்றுநருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. "எல்லாத்தையும் ஊட்டிவிட்டா எப்போ கத்துக்குவாங்க? நாளைக்கு வேலைக்குப் போற பாலர் பள்ளியில இதைவிட அதிகமா செயலிகள் இருக்குமே" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அவர் பயம் நியாயமானது. அதனால் ஆறாவது வாரத்துக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுகிறோம். பேட்லெட், டிரைவ், தளம், படிவம், டெலிகிராம், கஹூட், எதையும் விடவில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதற்கு ஒரு தேவை வரும் நாளில். கதைப் படங்களைச் சேர்த்துவைக்க ஓர் இடம் வேண்டுமே என்று அவர்களே கேட்கும் வாரத்தில் டிரைவைக் காட்டினால், பீரோவுக்குப் புதுத் தட்டு கிடைத்த மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள். அதையே முதல் நாளில் காட்டினால் இன்னொரு பூட்டிய கதவு.

பொதுவான உதவிக்கு இங்கே வழி இருக்கிறது. 2020இலிருந்து சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்து, மூத்தவர்களுக்குக் கைப்பேசியைச் சொல்லித்தருகிறார்கள். நான் பார்த்தவரை பொறுமையான பிள்ளைகள். ஆனால் ஒரு குறிப்பிட்ட வகுப்பின் வீட்டுப்பாடம் மூன்று செயலிகளில் எந்தச் செயலியில், எந்த மூலையில் இருக்கிறது என்பதை அவர்களால் சொல்ல முடியாது. நாங்கள் கட்டிய வீட்டுக்கு நாங்கள்தான் வழிகாட்ட வேண்டும். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு பயிற்சி வகுப்புகளுக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை கிடைத்த பிறகு, நடுவயதில் மறுபடி படிக்க நினைப்பவர்களுக்குத் தைரியம் வந்திருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் பள்ளியை விட்டவர்கள் தயங்கித் தயங்கி வருகிறார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருக்கிறது.

அக்காவின் பட்டியல்

அக்கா அடுத்த குழுவில் சேர்ந்தார். நான் கெஞ்சவில்லை. நூலகத்தில் சந்தித்த அன்று காப்பிக்கடையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோதே, "அடுத்தது எப்ப ஆரம்பிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் பேட்லெட்டைக் காட்டினோம். தமிழில் ஒரு வரி எழுதி ஒட்ட வேண்டும். தமிழ் விசைப்பலகையில் எழுத்துத் தேடுவது அவருக்குப் பெரும்பாடு. கைப்பேசியில் கையெழுத்து முறை ஒன்று இருப்பதைச் சொன்னேன், விரலால் எழுதினால் எழுத்தாக மாறும். திரையில் விரல் வைத்து, குழந்தைக்கு மணலில் எழுதிக்காட்டுவது போல, சுழி சுழித்து, வளைத்து, பெரிதாக ஒரு 'அ' எழுதினார். மேலே சின்னதாக, அச்சடித்த மாதிரி ஒரு அ வந்து உட்கார்ந்தது. சூமில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் மேலே போனது. ஒலியை மூட மறந்துவிட்டார் போல, "ஏய், என் கையெழுத்தைப் படிக்குது!" என்று சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது.

அந்தக் குழு முடியும் சமயத்தில் அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பினார். பழைய நாட்குறிப்பின் ஒரு பக்கம். நீல மையில், கோடு போட்டு, இரண்டு பத்தியாக எழுதியிருந்தார். இடது பக்கம் நாங்கள் சொல்லும் பெயர்கள், வலது பக்கம் அவர் வைத்த பெயர்கள். சூம், வகுப்பறை. வாட்ஸ்அப், ஆசிரியர் அறை வாசல். டிரைவ், பீரோ. பேட்லெட், ஒட்டற சுவர். தளம், பள்ளிக்கூட ஆபீஸ். படிவத்துக்கு எதிரே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், கடைசியில அனுப்பு அமுக்கணும், மறந்துட்டா போகாது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு. அத்தனை செயலிகளையும் விளக்கி நாங்கள் தயாரித்த காணொளி பதினெட்டு நிமிடம் ஓடும். அதில் சொல்லாததெல்லாம் இந்த ஒரு பக்கத்தில் இருந்தது. எந்த வேலைக்கு எங்கே போக வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்பார், நாங்களோ எந்தச் செயலியில் எந்தப் பொத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்காவிடம் கேட்டு அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறேன். தட்டச்சு செய்து அழகாக்கலாம் என்று பயிற்றுநர் சொன்னார். வேண்டாம் என்றேன். கையெழுத்தாகவே இருக்கட்டும், நம்மைப் போல ஒருத்தர்தான் எழுதியிருக்கிறார் என்று பார்த்ததும் தெரியட்டும். இப்போது சேர்கிறவர்களுக்கு அந்தத் தாளைத் தபாலில் அனுப்புகிறோம், முதல் மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் முன்னால். போன வாரம் அக்கா பார்த்துவிட்டு, ஆசிரியர் அறை வாசல் என்பதற்குப் பக்கத்தில் "ராத்திரி பத்து மணிக்கு மேல தட்டக் கூடாது" என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன். அவர் இப்போது ஈசூனில் ஒரு பாலர் பள்ளியில் வாரத்தில் மூன்று நாள் தமிழ் சொல்லித்தருகிறார். கைக்குட்டை எலி இன்னும் மின்தூக்கியில்தான் இருக்கிறதாம்.

அடுத்த குழு வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. பட்டியலில் பதினெட்டுப் பேர். பதினாறு பேர் ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் கடவுச்சொல் வைக்கவில்லை. ஒருவர் தெம்பனிஸ், ஒருவர் புக்கிட் பாத்தோக். அவர்களுக்கு இன்னொரு நினைவூட்டல் மின்னஞ்சல் போகாது. எட்டரை மணிக்கு மேல் சமையல் முடிந்து உட்கார்ந்திருப்பார்கள், அப்போது கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.